கக்கத்தில் வைத்த பாக்கு

கதைகளில் வரும் சவுக்கடிகளை என்னால் வாசிக்க முடியாது. மனம் இளகியவன் என்று நினைத்துவிட வேண்டாம். எழுதியவனுக்கு அடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், எரிச்சல் வந்துவிடும். அடிக்கிறவன் பல்லைக் கடிப்பான். அடிபடுகிறவள் காலில் விழுந்து கதறுவாள். சுற்றி நிற்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்களாக இருப்பார்கள். நான் ஓர் அடியைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அங்கே பல்லைக் கடித்தவர் ஒருவருமில்லை. எல்லாரும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். எனக்கு ஒருவர் இஞ்சி போட்ட தேநீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன்.

ஐம்பதுகளில் கல்முனையில் தகரக் கொட்டகை போட்டுப் படம் காட்டுவார்கள். வில்லன் கதாநாயகியைத் தூணில் கட்டிவைத்துச் சாட்டையை எடுத்தால் போதும், கொட்டகை முழுவதும் மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடும். நானும் உறிஞ்சியிருக்கிறேன். ஒருநாள் எனக்குப் பின்வரிசையில் இருந்த மனிதர், "அவன்ட கை அழுகிப் பெயித்திரும், பாருங்க" என்று திரைக்குச் சாபம் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மனிதர் எங்கள் பள்ளிவாசல் முற்றத்தில், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் அவரை விடவும் முன்னால் நின்றேன்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. கல்முனையிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம் என்பது போதும். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அரசாங்கப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தேன். வாய்ப்பாட்டில் ஒரு பிள்ளை தடுமாறினால் முதலிலிருந்து சொல்லவைப்பேன், இடையில் விடமாட்டேன். அதற்காகவே ஊரில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது போதாதென்று புனைபெயரில் கொழும்புப் பத்திரிகைகளுக்குக் கதைகளும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். அவளுடைய தாய் நெசவுக்காரி, முப்பது வயதிருக்கும். முன்கூடத்தில் குழித்தறி ஒன்று போட்டு, அதிலே காலை இறக்கிக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை நெய்வாள். வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வீடு கிடையாது. வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை ஒரு பாயும் பெட்டியுமாக அங்கே வந்து சேர்வான். நானும் அப்படி ஒரு வீட்டுக்காகக் காத்திருந்தவன்தான். பெரிய மரைக்காயர் தம் மகளுக்குக் கட்டிக்கொண்டிருந்த கல்வீட்டுக்கு அப்போது சுவர் இடுப்பளவு உயர்ந்திருந்தது. பள்ளிவாசலின் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற மரைக்காயர்களில் அவர்தான் தலைமை. அவர் என்னைத் தெருவில் கண்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கும் ஊருக்கும் தெரியும்.

நெசவுக்காரியின் புருஷன் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களில் வேலை செய்தான். வேலைக் காலங்களில் வயலில் போட்ட வாடிக் குடிசையிலேயே கிடப்பான். வீட்டுக்கு வந்தால் அடிப்பான். காரணம் தேட வேண்டியதில்லை, சோறு சூடாக இருந்தாலும் அடிதான், ஆறியிருந்தாலும் அடிதான். வேலிக்கு வேலி சத்தம் கேட்கும். ஒருமுறை அவளுடைய இடது கையைத் தறிச் சட்டத்தின் மேல் வைத்து, அச்சுப் பலகையை இழுத்து அழுத்தியிருக்கிறான். இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு நிமிரவில்லை. இரண்டு தரம் அவள் பள்ளிவாசலுக்கு ஆளனுப்பி முறையிட்டாள். இரண்டு தரமும் பெரிய மரைக்காயர் ஒரே பதிலைத்தான் சொல்லியனுப்பினார்.

"பொறுத்துக்கச் செல்லுங்க. ஆம்புளைக்கிக் கோவம் வாறதுதானே."

மூன்றாவது தரம் அவள் ஆளனுப்பவில்லை. அவன் அடிக்க வந்தபோது கையிலிருந்த நாடாவால், நூலோட்டுகிற அந்த இரும்பு முனைக் கட்டையால், அவனுடைய நெற்றியில் ஒன்று போட்டாள். அவன் இரத்தத்தைப் பொத்திக்கொண்டு மருந்து கட்ட ஓடிய நேரம் பாயையும் பெட்டியையும் படலைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

இந்த முறை அவன் முறையிட்டான். இரண்டே நாளில் பள்ளிவாசல் கூடிவிட்டது. எழுத்துவேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சீலை மறைப்புக்கு அப்பால் பெண்களோடு இருந்தாள். பெரிய மரைக்காயர் நிதானமான மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். அவளுக்கு இரண்டு வழி சொன்னார். கதவைத் திறந்து புருஷனை ஏற்றுக்கொண்டால் அடி இல்லை, ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். இல்லையென்றால் புருஷனுக்குக் கை ஓங்கியதற்குப் பதினோர் அடி. பதினொன்றையும் தாங்கிவிட்டால் அவன் தலாக் சொல்ல வேண்டும், வீட்டுப் பக்கமே போகக் கூடாது. இடையில் எப்போதாவது 'போதும்' என்று அவள் சொன்னால் அடி அந்த இடத்தில் நிற்கும், அவன் பாயைத் தூக்கிக்கொண்டு அவளோடு வீட்டுக்குப் போவான்.

மறைப்புக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"அடிய எடுக்கிறன். கதவத் திறக்கமாட்டன்."

கூட்டம் கலைந்த பிறகு பெரிய மரைக்காயர் என் தோளில் கைபோட்டு, தொழப்போகிறவர்கள் கைகால் கழுவுகிற ஹவுழ்க்கரை வரை நடத்திக்கொண்டு போனார். "பொம்புள புள்ளதானே தம்பி. மூணாவதிலயே போதும் எண்டு செல்லிருவா. குடும்பமும் உடையாது" என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார், அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைத்தார். பிறகு, "நீங்கதான் எண்ணணும். வகுப்பில செல்லுற மாதிரித் தெளிவாச் செல்லுங்க. எண்ணிக்க பிழைச்சா நாளைக்கு அல்லாட்ட நாமதான் பதில் செல்லணும்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமை இப்போதும் உடம்பில் எந்த இடத்தில் வந்தது என்று காட்டச் சொன்னால் காட்டுவேன்.

எங்கள் பள்ளிவாசலில் அடிக்கு ஒரு முறை இருந்தது. அடிக்கிறவர் கக்கத்தில் ஒரு கொட்டைப்பாக்கை வைத்துக்கொண்டுதான் பிரம்பை எடுக்க வேண்டும். கையை உயரத் தூக்கினால் பாக்கு விழுந்துவிடும். விழுந்தால் அந்த அடி முறைகெட்ட அடி, அது எண்ணிக்கையில் சேராது. யாரும் ஆத்திரத்தில் ஓங்கி அடித்துவிடக் கூடாதே என்று முன்னிருந்தவர்கள் இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு. ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எண்ணிக்கையில் சேராத அடி முதுகில் சேராமல் போய்விடுமா என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கணக்கு மாஸ்டர் நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முற்றத்தில் நாலு கம்பு நட்டு வெள்ளைச் சீலை சுற்றினார்கள். அவள் உள்ளே போர்வையால் தலையோடு மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். சீலையின் ஒரு மடிப்பை விலக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அடிக்க வேண்டும். அந்நியப் பெண்ணின் முதுகைப் பார்க்கக் கூடாதல்லவா. அவளுடைய மானத்தில் எல்லாரும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

அடிக்கிற வேலை மோதினாருக்கு. ஐந்து நேரமும் பாங்கு சொல்கிற மனிதர், மூச்சு இழுக்கிற முட்டு வருத்தக்காரர், சட்டைக்குள்ளே எலும்பு மட்டும்தான் இருக்கும். அன்று விடிந்ததிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரிய மரைக்காயர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். மோதினாருக்குப் பக்கத்தில், தரையைப் பார்க்கிற இடத்தில், நான் நின்றேன்.

ஒன்று என்றேன், இரண்டு என்றேன், மூன்று என்றேன். உள்ளே சத்தமில்லை. நாலு என்றபோது பாக்கு விழுந்தது. ஓங்கி அடித்ததால் அல்ல. அந்தக் கையில் பாக்கைப் பிடித்துவைக்கச் சதை இல்லை.

மோதினார் குனிந்து பாக்கை எடுத்தார். எடுத்து நிமிரும்போது என்னைப் பார்த்தார். அவருடைய கண் என்ன கேட்டது என்று எனக்கு விளங்கியது, விளங்கவில்லை என்று எந்த நாளும் சொல்லமாட்டேன். பாக்கு விழுந்ததை நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் கண்டோம். பெரிய மரைக்காயர் கண்ணை மூடியிருந்தார். பின்னால் நின்றவர்களுக்கு மோதினாரின் முதுகு மறைத்தது. நான் 'ஐந்து' என்று சொல்லியிருந்தால் அந்த முற்றத்தில் ஒரு மனிதனும் வாய் திறந்திருக்கமாட்டான். நான் பாக்கு திரும்பவும் கக்கத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, தெளிவாக, "நாலு" என்றேன்.

ஆறில் இரண்டு தரம் விழுந்தது. அவளுக்குப் பதினோராவது அடி விழுந்தபோது நான் சொன்ன எண் எட்டு. அதிலும் பாக்கு விழுந்தது. பத்தில் இரண்டு தரம் விழுந்தது. மோதினார் ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்தார், கடைசியில் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் பதினொன்று என்று சொல்லி முடித்தபோது அவளுடைய முதுகில் பதினேழு விழுந்திருந்தது. சீலைக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. தேநீர் வந்தது அப்போதுதான்.

பெரிய மரைக்காயர் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்கு நம்ப முடியவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். புருஷனைக் கூப்பிட்டு அங்கேயே தலாக் சொல்லவைத்தார். தலாக்குக்குப் பிறகு காத்திருக்கிற இத்தாவுடைய மூன்று மாதமும் கழிந்துவிட்டால் அவனுக்கு அந்த வீட்டில் எந்தப் பேச்சும் இல்லை. பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு கூட்டிப் போனார்கள். பெரிய மரைக்காயர் என்னைத் தட்டிக்கொடுத்து, "ஒரு பிழை இல்ல தம்பி" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வகுப்பில் நடந்துகொண்டே படிப்பித்தேன். அந்தச் சிறுமியின் மேசைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். வாய்ப்பாடு சொல்லும்போது ஒரு பிள்ளை நாலைத் திருப்பிச் சொன்னால் திருத்தாமல் அடுத்த பிள்ளைக்குப் போனேன். கடற்கரைக்குப் போனால் கரைவலை இழுக்கிறவர்கள் எண்ணிக்கொண்டு இழுப்பார்கள், திரும்பி வந்துவிடுவேன். இதற்கெல்லாம் மருந்து ஒன்று என்னிடம் இருப்பதாக நினைத்தேன். எழுதுவது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு வெற்று வகுப்பில் இருந்து நாலு பின்னேரங்களில் எழுதி முடித்தேன். எழுத எழுத நெஞ்சு இலேசாகிக்கொண்டு வந்தது, வராமல் என்ன செய்யும். கதையில் வந்த மரைக்காயருக்குக் கண் சிவந்திருந்தது. முட்டு வருத்தக்கார மோதினார் ஆறடி உயர முரடனாகிவிட்டார். பாக்கு இல்லை. எண்ணுகிறவன் இல்லை. நெசவுக்காரி மூன்றாவது அடியில், "போதும், போதும்" என்று ஊர் கேட்கக் கதறினாள். அந்த நேரம் பார்த்து இளம் ஆசிரியன் ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்து பிரம்பைப் பிடுங்கி முறித்தான். அவள் அவன் மடியில் தலைவைத்துச் செத்துப்போனாள். அந்த இடத்தை எழுதும்போது நான் உண்மையாகவே அழுதேன். முற்றத்தில் வராத கண்ணீர் தாளில் வந்தது.

என்னுடைய கதைகளில் முதல்முதலாக அது பிரசுரமானது. கண்கலங்கிவிட்டதாகப் பத்திரிகை ஆசிரியர் ஒரு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்முனைக்கும் ஊருக்கும் சைக்கிளில் சும்மா போய்வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்வீடு போய்விடும். சுவர் அப்போது ஜன்னல் நிலை வரை வந்திருந்தது.

பத்திரிகை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும். தேநீர்க் கடையில் ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். புருஷனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். நெசவுக்காரி, பள்ளிவாசல், சீலை, பிரம்பு என்று கேட்டதும் இது எந்த ஊர்க் கதை என்று அவனுக்கு விளங்கிவிட்டது. அவள் செத்துப்போனது, ஆசிரியன் பாய்ந்தது எல்லாம் அவனுக்கு வேண்டாம். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே பள்ளிவாசலுக்குப் போனான்.

"கொழும்புப் பேப்பரில போட்டிரிக்கி, அவள் மூணாவதிலயே போதும் எண்டு கத்தினவள் எண்டு. கேட்டவன் ஆரோதானே எழுதியிரிக்கான். அப்ப தலாக் செல்லாது. நான் வீட்ட போகப்போறன்."

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்று அச்சில் வந்தது பொய்யாக இருக்கலாம் என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நினைக்கவே தெரியாது. அச்சில் அதுவரை வந்ததெல்லாம் ஓதுகிற கிதாபும் அரசாங்கக் கடிதமும்தான். கதை என்றால் வாயால் சொல்வது. பேப்பர் என்றால் செய்தி. அடித்த அன்று பின்னால் தள்ளி நின்றவர்களில் சிலர், தங்களுக்கும் ஏதோ சத்தம் கேட்ட மாதிரித்தான் இருந்தது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூன்று மாதத்தில் இன்னும் சில நாட்களே மிச்சம். அவள் பதினேழு அடிக்கு வாங்கிய கதவை என் ஒரு சொல் திறந்துவிடப் பார்த்தது.

பெரிய மரைக்காயர் கூட்டம் கூட்டினார். எனக்கும் ஆள் வந்தது. ஊரில் நன்றாக வாசிக்கிறவன் நான்தானே.

என்னுடைய கதையை நானே எழுந்து நின்று வாசித்தேன். இடையில் யாரோ தண்ணீர் தந்தார்கள். சிவந்த கண் வந்த இடத்தில் பெரிய மரைக்காயர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறடி முரடன் வந்த இடத்தில் மோதினார் தம்முடைய இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறக்கும் கட்டத்தில், அன்று முற்றத்தில் வெயிலுக்குத் துண்டு போட்டுக்கொண்டு நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவள் உயிரோடு சீலை மறைப்புக்கு அப்பால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும் பெரிய மரைக்காயர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, பக்கத்தில நிண்டு எண்ணினது நீங்க. அவ போதும் எண்டு செல்லினாவா?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் நான் எழுதிய கதை என் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்து இழுத்தது என்றால் நம்புவீர்களா. கதை பொய் என்று ஊருக்கு முன்னால் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு அற்பன் நான்.

"இல்ல," என்றேன். "பதினொண்டுக்கும் ஒரு சத்தமும் போடல்ல."

"அப்ப இத எழுதினவன்?"

"பொய்யன்."

என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதைவிடச் சரியானதை நான் பிறகு கண்டதில்லை. மோதினாரும் எழுந்து, அவ வாய் திறக்கல்ல எண்டு நானும் சத்தியம் பண்ணுறன் என்றார். பெரிய மரைக்காயர் பேப்பரை வாங்கி நாலாக மடித்துத் தம்முடைய நாற்காலிக் காலுக்கு அண்டை கொடுத்தார். புருஷனைப் பார்த்து, இனி அந்தத் தெருவால் போனால் அடுத்த பிரம்பு அவனுக்குத்தான் என்றார். கதவு பூட்டியபடியே இருந்தது. அது ஒருநாளும் அவனுக்குத் திறக்கவில்லை.

கதையை எழுதியவன் யார் என்று பெரிய மரைக்காயர் கடைசிவரை அறியவில்லை. அடுத்த வருடம் கல்வீட்டில் எனக்குக் கலியாணம் நடந்தது. இதை எழுதுவதும் அந்த வீட்டில் இருந்துதான்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. கூட்டம் நடந்து நாலைந்து நாள் கழித்து அந்தச் சிறுமி என் மேசைக்கு வந்து, "உம்மா ஒங்கள வரட்டாம்" என்றாள். பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். இருக்கச் சொல்லி முற்றத்தில் மர வாங்கு ஒன்று போட்டிருந்தார்கள். நான் இருக்கவில்லை. கதவுத் திரைக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்ததை மகள் சொன்னதும் நின்றது.

"மாஸ்டர், ஒரு கத கேக்கணும். கோவிச்சுக்கப்படா."

"கேளுங்க."

"பதினொண்டு எண்டுதானே செல்லினாங்க. நானும் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டுத்தான் இரிந்தன். பதினேழு விழுந்திச்சி."

முகமே தெரியாத ஒருத்தியிடம் தலைகுனிந்து நிற்பது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

"நான் ஆரையும் குத்தம் செல்லல்ல" என்றாள். "சீலைக்குள்ள எனக்கு ஒண்டும் தெரியா. ஒங்கட கொரல் மட்டும்தான் கேட்ட. புள்ள வீட்ட வந்து வாய்ப்பாடு செல்லுறதும் ஒங்களப் போலதானே, அதால ஆரெண்டு விளங்கிச்சி. நாலு எண்டீங்க. பொறகு கொஞ்ச நேரம் பேச்சில்ல. பொறகும் நாலு எண்டீங்க. எனக்கு முதல்ல விளங்கல்ல. ஆறிலயும் அப்பிடித்தான். பொறகுதான் நினெச்சன், மாஸ்டர் அழுறாரு, அதால எண்ண ஏலாமக் கெடக்கு எண்டு."

அவளுக்குப் பாக்கைப் பற்றித் தெரியாது. பள்ளிவாசல் முறைகளை யாரும் பெண்களுக்குச் சொல்லிவைப்பதில்லை. நான் மௌனமாக நின்ற அந்தக் கொஞ்ச நேரம், பாக்கு கக்கத்தில் சரியாக ஏறிவிட்டதா என்று நான் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்.

"பதினோராவதோட முடியும் எண்டு பல்லக் கடிச்சுக்கிட்டு இரிந்தன்" என்றாள். "நீங்க எட்டு எண்டீங்க. எனக்கு உசிரு பெயித்து. போதும் எண்டு வாய்க்குள்ள வந்திட்டு மாஸ்டர். பொறகு நினெச்சன், வெளிய இவ்வளவு பேருக்குள்ள எனக்காக ஒரு மனிசன் அழுதுக்கிட்டு நிக்காரு, அவரே நிண்டு முடிக்கப் பாக்கக்குள்ள நான் விடப்படா எண்டு. அத நினெச்சித்தான் மத்தத எல்லாம் தாங்கின."

திரைக்குப் பின்னால் அவள் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது. முற்றத்தில் அழாதவள் இதைச் சொல்லும்போது அழுதாள்.

"அண்டைக்கும் எனக்காகத்தான் கதைச்சீங்க. அந்தப் பேப்பர்ல எல்லாரையும் எழுதியிரிக்கான், ஆரோ ஒரு மாஸ்டர் பாயுறாரு, நிண்டு எண்ணின ஒங்கள மட்டும் எழுதல்ல. அதுதான் எனக்கு மிச்சம் கவல. அழுதீங்கதானே மாஸ்டர்?"

பாக்கு விழுந்தது என்று சொல்லலாம். அந்தப் பேப்பர்க்காரன் நான்தான் என்றும் சொல்லலாம். சொன்னால் அவள் தாங்கிய ஆறு அடிக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அவள் என்னைப் பற்றி நினைத்துவைத்திருந்த மனிதனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

"ஓம்" என்றேன்.

அவள் தறியிலிருந்து இறக்கிய, ஆண்கள் உடுக்கிற புதுச் சாரம் ஒன்றை மகளின் கையில் கொடுத்து அனுப்பினாள். வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் முப்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தாள். தெருவில் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒதுங்கி நின்று எனக்கு வழி விடுவாள். ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் என் வீட்டுக்கு ஒரு பெரிய சகன் தட்டு நிறையச் சோறு வரும். மகளுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது, எண்ணப் பழக்க முதலில் என்னிடம்தான் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாளாம். அவள் மௌத்தான அன்று மையவாடியில் மூன்று பிடி மண் போட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

நான் அழவில்லை. அன்று நான் ஒரு பிழையும் விடாமல் எண்ணினேன்.